வரம்பும் வடிகாலும்

கணினிச் செயலி ஒன்றின் பெட்டியில் 3.2 கிகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தால், அந்த எண் எதைப் பற்றிய கூற்று என்பது மேலோட்டமாகத் தோன்றும் அளவுக்கு எளிய கேள்வி அன்று. செயலி என்பது கணினியின் கணக்குகளையெல்லாம் செய்துமுடிக்கும் சிலிக்கான் சில்லு. அது சீரான மின்துடிப்புகளுக்கு ஏற்ப அடிமேல் அடி வைத்து வேலை செய்வதால், நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது அதன் வேகத்துக்கு அளவாகக் கொள்ளப்படுகிறது. 3.2 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 320 கோடித் துடிப்புகள். தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு மேலே துடிப்பை உயர்த்திச் செயலியை ஓட்டுவதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். அதற்கு முனைபவர் முதலில் கை வைப்பது செயலியில் அன்று. அதன் தலைமேல் உட்கார்ந்து, அது வெளிவிடும் சூட்டை உலோகத் தகடுகளாலும் விசிறியாலும் காற்றுக்குக் கடத்தும் கூலரில். வேகத்தை நாடுபவர், வேகத்தைத் தரும் உறுப்பை அப்படியே விட்டுவிட்டு, சூட்டைக் கடத்தும் உறுப்பைக் கழற்றி மாற்றுகிறார். நடைமுறையில் யாரும் வியப்படையாத இந்தச் செய்கை, ஒரு பொருளின் ஆற்றலும் அந்த ஆற்றலின் எல்லையும் பொருளுக்குள்ளேயே இருக்கின்றனவா என்ற பழைய வழக்கை மறுபடி விசாரணைக்குக் கொண்டுவருகிறது.

இந்திய மெய்யியலில் இவ்வழக்கு காரண காரிய ஆராய்ச்சியாக நடந்தது. காரியம் தோன்றுமுன்னரே காரணத்துள் இருக்கிறது என்பது சற்காரியவாதம். எள்ளில் எண்ணெய் இருப்பதால்தான் ஆட்டினால் வருகிறது, மணலை எத்தனை நாள் ஆட்டினாலும் வருவதில்லை என்பது சாங்கியர் காட்டும் சான்று. காரியம் முன்னர் இல்லாதது, புதிதாகவே தோன்றுவது என்பது நியாய வைசேடிகர் கட்சி. மண்ணுக்குள் குடம் ஏற்கெனவே இருந்தால் குயவருக்கு என்ன வேலை என்பது அவர்களின் மறுவினா. சைவ சித்தாந்தம் சற்காரியத்தையே ஏற்றது எனினும், காரணத்தை முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என மூன்றாகப் பகுத்து, மண், திரிகை, குயவர் என்ற எடுத்துக்காட்டால் விளக்கியது. இந்தப் பகுப்பின்படி சிலிக்கானை முதற்காரணம் என்றும், கூலரைத் துணைக்காரணம் என்றும், ஸ்க்ரூடிரைவரோடு குனிந்திருப்பவரை நிமித்த காரணம் என்றும் வைத்துவிட்டால் விசாரணை முடிந்துவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் திரிகை குடத்தை வனைவதில் நேரடியாகப் பங்கெடுக்கிறது. கூலரோ ஒரு கணக்கிலும் பங்கெடுப்பதில்லை. கூட்டலோ பெருக்கலோ நிகழும் இடத்துக்கு அது வருவதே இல்லை. நிகழ்ந்தபின் எஞ்சுவதை மட்டுமே அது வாங்கிக்கொள்கிறது. இத்தகைய ஒன்று எந்தப் பொருளில் காரணமாகும் என்பதை மரபுப் பகுப்பு உடனடியாகச் சொல்லிவிடவில்லை.

சற்காரியவாதிக்குக் கணினி வரலாறு தரும் மிக வலுவான சாட்சி, 1998இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்ற மலிவு விலைச் செயலி. மதர்போர்டு, அதாவது கணினியின் உறுப்புகளையெல்லாம் தாங்கி இணைக்கும் தாய்ப்பலகை, ஓர் அடிப்படைத் துடிப்பைத் தரும். செயலி அதை நாலரையால் பெருக்கிக்கொள்ளும். அடிப்படை 66 மெகாஹெர்ட்ஸாக இருந்ததால் விளைவு 300. அதையே 100 ஆக்கினால் விளைவு 450 ஆகவேண்டும். அவ்வாறே மிகப் பல சில்லுகள் 450இல் சிணுங்காமல் ஓடின. அதே ஆண்டில் பன்மடங்கு விலைக்கு விற்கப்பட்ட பென்டியம் 2 வரிசையின் உச்சச் செயலியும் 450 மெகாஹெர்ட்ஸ்தான். எந்த அடிப்படைத் துடிப்பைத் தருவது என்று மதர்போர்டு தெரிந்துகொள்வதற்குச் செயலி அட்டையின் விளிம்பில் பி21 என்ற ஒரு தொடர்புப் புள்ளி இருந்தது. சிலர் அப்புள்ளியின் மேல் ஒட்டுநாடாவில் ஒரு நறுக்கை ஒட்டிவிட்டு அட்டையைச் செருகினார்கள், மதர்போர்டு 100ஐத் தந்தது. மறைப்பு விலகினால் உண்மை வெளிப்படும் என்பதே மெய்யியல் நூல்களின் வழக்கமான பேச்சு. இங்கோ ஒன்றை மறைத்ததால்தான் வெளிப்பட்டது.

இதைக்கொண்டு, 450 என்பது உள்ளே ஒளிந்திருந்த மெய், 300 என்பது மேலே ஒட்டிய பொய் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அது அவசர முடிவு. ஒரே சிலிக்கான் வட்டிலிலிருந்து வெட்டியெடுத்த சில்லுகளும் ஒன்றைப்போல் ஒன்று அமைவதில்லை. அவற்றைச் சோதித்துத் தரம் பிரித்துத்தான் எண்ணிடுகிறார்கள், மலிவுச் சரக்குக்குச் சந்தையில் கிராக்கி இருந்தால் மேல்தரச் சில்லும் கீழ்த்தர எண்ணோடு போய்விடும். அச்சிட்ட எண் சில்லின் இயல்பைப் பற்றிய கூற்று என்பதைவிட, தயாரிப்பாளரின் வாக்குறுதி என்பதே பொருத்தம்: எந்த வீட்டிலும், கோடையிலும், உடன் கொடுத்த கூலரோடும், ஆண்டுக்கணக்கில் இந்த வேகம் கிடைக்கும் என்ற வாக்குறுதி. அதைத் தாண்டி ஓட்டுபவருக்கு உத்தரவாதம் இல்லை என்று தயாரிப்பாளர்கள் வெளிப்படையாகவே எழுதிவைக்கிறார்கள். அதே வேளையில் அந்தச் செலரானை 1 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிட எந்தக் கூலராலும் முடியாது. எள்ளுக்கும் மணலுக்கும் உள்ள வேறுபாடு அழிந்துவிடவில்லை. சாங்கியர் அந்த அளவுக்கு வென்றார்கள்.

கிரேக்கத்தில் மெகாரா நகரச் சிந்தனையாளர்கள், கட்டிக்கொண்டிருக்கும்போது மட்டுமே கொத்தனாருக்குக் கட்டும் ஆற்றல் உண்டு, கரணையைக் கீழே வைத்தவுடன் அது இல்லை என்று வாதிட்டார்கள். அரிஸ்டாட்டில் தம் மெட்டாஃபிசிக்ஸில் அதை மறுத்து, செயல்படாத நிலையிலும் ஆற்றல் உண்டு என்று நிறுவ முயன்றார். ஓவர்கிளாக்கிங் செய்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, பெரும்பாலும் மெகாரா கட்சியினர். செயலியை மணிக்கணக்கில் முழுச் சுமையில் வைத்துப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்னும் சோதனையைத் தாண்டாதவரை, எந்த வேகத்தையும் அவர்கள் அந்தச் சில்லின் வேகம் என்று ஒப்புக்கொள்வதில்லை.

இனி, தடுப்பது எது என்று பார்க்கவேண்டும். செயலியின் டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொரு துடிப்பிலும் நுண்ணிய மின்தேக்கிகளை நிரப்பிக் காலி செய்கின்றன. அதற்குச் செலவாகும் திறன், மின்னழுத்தத்தின் இருமடியையும் துடிப்பு எண்ணையும் பெருக்கிய அளவில் ஏறும். துடிப்பை உயர்த்தினால், டிரான்சிஸ்டர்கள் உரிய நேரத்துக்குள் நிலைமாற மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியிருக்கிறது என்பதே இங்கே உள்ள சிக்கல். கணக்கு வசதிக்காக, 1.2 வோல்ட்டில் 3.2 கிகாஹெர்ட்ஸில் 65 வாட் வெளிவிடும் ஒரு சில்லை 1.4 வோல்ட்டில் 3.9க்கு ஏற்றுவதாகக் கொண்டால், வேகம் 22 விழுக்காடு கூடுவதற்குள் வெப்பம் 66 விழுக்காடு கூடி ஏறத்தாழ 108 வாட் ஆகிவிடுகிறது. இந்த 108 வாட்டும் சுமார் இரண்டு சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து வெளியேறவேண்டும். சமையலறையின் மின்னடுப்பு 1,500 வாட்டை 300 சதுர சென்டிமீட்டரில் பரப்பினால், சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்; சில்லில் அது 50க்கு மேல். அடுப்பு சூடாகவேண்டிய பொருள், சில்லு ஆகக்கூடாத பொருள் என்பதை நினைத்தால் கூலரின் வேலை எத்தகையது என்பது விளங்கும். இவ்வளவும் போதாதென்று, சூடேறிய டிரான்சிஸ்டரில் மின்கசிவு கூடுகிறது, கசிவு மேலும் சூட்டைத் தருகிறது, அந்தச் சூடு மேலும் கசிவைத் தருகிறது.

சூட்டை ஒரு மாசு என்று எண்ணுவது இயல்பே. சித்தாந்தத்துக்குப் பழகிய வாசகருக்கு உடனே நினைவுக்கு வருவது செம்பும் களிம்பும் என்ற உவமை: செம்பு எப்போது உண்டோ அப்போதே அதில் களிம்பும் உண்டு என்பதுபோல, உயிரோடு ஆணவ மலம் தொடக்கமில்லாமலே கூடிநின்று அதன் அறிவாற்றலை மறைக்கிறது, இரசகுளிகையால் களிம்பு கெடுவதுபோலத் திருவருளால் மலத்தின் வலிமை கெடுகிறது. உயிருக்கு ஆற்றல் புதிதாக ஊட்டப்படுவதில்லை, உள்ள ஆற்றலின் மறைப்பு நீங்குகிறது என்பது இதன் கருத்து. கூலரையும் இப்படிப்பட்ட குளிகையாகக் கொள்ளலாமா என்றால், ஒரு தடை உண்டு. களிம்பு, செம்பு சும்மா கிடந்தாலும் அதில் ஏறும். செயலியின் வெப்பமோ அது வேலை செய்வதாலேயே பிறக்கிறது. அதை மலத்தோடு ஒப்பிடுவதைவிட வினையோடு ஒப்பிடுவதே நெருக்கமானது.

அந்த வெப்பம் எந்த அளவுக்குத் தவிர்க்கமுடியாதது என்பதற்கு இயற்பியல் துல்லியமான விடை ஒன்றை வைத்திருக்கிறது. 1961இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர் ரோல்ஃப் லாண்டவர், கணிப்பில் வெப்பத்தைக் கட்டாயமாக்குவது கணக்கிடுதல் அன்று, அழித்தலே என்று காட்டினார். இரண்டு உள்ளீடுகளை வாங்கி ஒரு விடையை மட்டும் தரும் மின்சுற்று, அந்த இரண்டும் எவை என்பதை மறந்துவிடுகிறது. மறக்கப்பட்ட ஒவ்வொரு பிட்டுக்கும், அதாவது ஆம் அல்லது இல்லை என்ற ஒவ்வொரு துணுக்குச் செய்திக்கும், அறை வெப்பநிலையில் ஒரு ஜூலை முப்பத்தைந்து லட்சம் கோடிக் கோடியால் வகுத்தது போன்றதொரு மிகச் சிறிய ஆற்றலாவது வெப்பமாக வெளியேறியே தீரவேண்டும். 2012இல் ஆய்வகச் சோதனை ஒன்று இந்தக் கீழ்வரம்பை அளந்து உறுதிப்படுத்தியது. இன்றைய செயலிகள் இதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு வெப்பத்தை வெளிவிடுகின்றன என்பதால், ஓவர்கிளாக்கிங் செய்பவரை லாண்டவரின் எல்லை நேரடியாகத் தொடுவதில்லை. ஆயினும் கொள்கை அளவில் அது ஒன்றைத் தெளிவாக்குகிறது: இன்றைய வெப்பத்தின் மிகப் பெரும்பகுதி திருத்தக்கூடிய குறை, மிகச் சிறுபகுதி திருத்தமுடியாத இயல்பு. எதையுமே மறக்காத கணிப்பு வெப்பமின்றியும் நடக்கலாம் என்று சார்லஸ் பென்னட் 1973இல் காட்டினார். அப்படி ஒரு கணினி தன் இடைக்கணக்குகளை எல்லாம் சுமந்துகொண்டே இருக்கவேண்டும், அல்லது வந்த வழியே திரும்பி நடந்து ஒவ்வொன்றாக அவிழ்க்கவேண்டும். விடுதல் இல்லாமல் விரைவு இல்லை, விட்டது எங்கோ ஓரிடத்தில் சூடாக இருக்கும் என்பதே நடப்பு.

கூலர் மாற்றும் வேலையை அருகிலிருந்து பார்த்தால் கருத்துகள் கைக்கு எட்டும் பொருள்களாகின்றன. 2017இல் வந்த ஏஎம்டியின் ரைசன் 5 1600 செயலியை எடுத்துக்கொள்ளலாம். அடிப்படை வேகம் 3.2, கூடவே பெட்டியில் வரும் கூலர் ரெய்த் ஸ்பயர், குறித்த வெப்பவடிவமைப்புத் திறன் 65 வாட். இந்தக் கடைசி எண் கவனத்துக்கு உரியது. அது சில்லு உண்ணும் மின்சாரத்தின் அளவு என்பதைவிட, அதன்மேல் வைக்கப்படும் கூலர் எவ்வளவு வெப்பத்தை அகற்ற வல்லதாக இருக்கவேண்டும் என்பதன் அளவு. ஆக, தயாரிப்பாளரே கூலரைப் பற்றிய ஒரு நிபந்தனையைச் செயலியின் குணங்களில் ஒன்றாக எழுதிவைத்திருக்கிறார்.

பழைய கூலரின் நான்கு திருகுகளையும் கழற்றியவுடன் மதர்போர்டின் பின்புறத் தாங்குதகடு பிடிப்பின்றி விழுந்துவிடும் என்பதால் ஒரு கை பின்னாலும் இருக்கவேண்டும். அடுத்து வருவதுதான் அபாயமான கட்டம். செயலியின் மூடிக்கும் கூலரின் அடிக்கும் இடையில் தடவிய வெப்பக் களிம்பு, தெர்மல் பேஸ்ட் என்று கடையில் கேட்கப்படுவது, ஆண்டுக்கணக்கில் காய்ந்து பசையாகிவிட்டிருக்கும். நேராகத் தூக்கினால், சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியபடி இருக்கும்போதே, அடியில் 1,331 ஊசிகளைக் கொண்ட செயலி கூலரோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கி வந்துவிடும். வளைந்த ஊசியை மெக்கானிக்கல் பென்சிலின் வெற்று முனைக்குள் நுழைத்து, மூச்சை அடக்கி நிமிர்த்தியவர்கள் பலர். அறிந்தவர்கள் கணினியைப் பத்து நிமிடம் கனமான வேலை கொடுத்து ஓடவிட்டு, பிறகு நிறுத்தி, சூட்டில் களிம்பு இளகியிருக்கும்போதே கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பக்கவாட்டில் நழுவவிட்டு எடுக்கிறார்கள். சூட்டைப் போக்கவந்த வேலைக்குச் சூடே முதல் உதவியாள்.

பழைய களிம்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, இழை உதிராத துணியால் துடைத்தால், சாம்பல் பூச்சுக்கு அடியிலிருந்து மூடியில் பொறித்த எழுத்துகள் தெரியவரும். புதிய கூலரின் அடி பெரும்பாலும் செம்பு. செம்பின்மேல் களிம்பு என்று சித்தாந்தி சொன்னது நீக்கவேண்டிய ஒன்றை. இங்கே அதே சொல், பூசவேண்டிய ஒன்றுக்குப் பெயர். தமிழில் களிம்பு என்ற சொல் செம்பில் ஏறும் பச்சைக்கும் புண்ணில் இடும் மருந்துக்கும் பொதுவாகிவிட்டதால் நேர்ந்த இந்த இரட்டுறலில் ஒரு பாடமும் இருக்கிறது. செம்பின் வெப்பக்கடத்துதிறன் மீட்டர் கெல்வினுக்கு ஏறத்தாழ 400 வாட், அலுமினியத்துக்கு 237. வழக்கமான களிம்புக்கு ஒற்றை இலக்கந்தான். கடத்துவதில் களிம்பு செம்பின் காலடிக்கும் வராது. ஆனால் எவ்வளவு மெருகிட்டாலும் இரு உலோகப் பரப்புகள் முழுமையாகப் பொருந்துவதில்லை, இடையிலுள்ள நுண்பள்ளங்களில் காற்று தங்கிவிடுகிறது, காற்றின் திறன் 0.026. களிம்பு அந்தக் காற்றைவிட நூறு மடங்குக்குமேல் நல்லது என்பதால் மட்டுமே அதற்கு இடம். செம்பு செம்பைத் தொடும் இடத்தில் அது இடைஞ்சல். ஆகவே பட்டாணி அளவே வைக்கவேண்டும், தாராளமாக அப்பினால் அதுவே தடையாகிவிடும். ஒரே பொருள் ஓரிடத்தில் துணையும் அரை மில்லிமீட்டர் தள்ளி மலமும் ஆகிறது. துணை என்பது பொருளின் குணமாக இல்லாமல் இடத்தின் குணமாக இருப்பதற்கு இதைவிடச் சிறிய சான்று கிடைப்பது அரிது.

புதிய கூலர்களின் செம்பு அடியில் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். பொருத்துமுன் உரித்துவிடுங்கள் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். அதை உரிக்க மறந்து, கூலரை முறையாக இறுக்கிவிட்டு, சூடு ஏன் தொண்ணூறைத் தொடுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. அந்தத் தாளின் மேல் எழும் கோபம் நியாயமானதன்று. பெட்டியிலிருந்து கைக்கு வரும்வரை கீறலும் அழுக்கும் படாமல் செம்பைக் காத்தது அதுதான். சைவ சித்தாந்தம் இறைவனின் ஐந்தொழில்களில் மறைத்தலையும் ஒன்றாக எண்ணி, உயிர் பக்குவப்படும்வரை மறைப்பதும் அருளே என்று கூறுவது பலருக்கும் விளங்காத இடம். விளக்கம் தேடும் ஆசிரியர் இந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு திருகுகளைக் குறுக்கு மூலை வரிசையில் ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு சுற்றாக இறுக்கவேண்டும், இல்லையேல் அழுத்தம் ஒருபுறம் சாய்ந்து களிம்பு மறுபுறம் பிதுங்கிவிடும். அடியிலிருந்து மேலே தகடுகளுக்குள் செல்லும் செம்புக் குழாய்கள் உள்ளே வெற்றாக இருப்பவை என்பதைப் பலர் அறிவதில்லை. காற்றை நீக்கிச் சிறிது நீரை அடைத்த இந்த வெப்பக் குழாயை 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் உருவாக்கினார். அழுத்தம் குறைந்திருப்பதால் நீர் நூறு டிகிரிக்கு வெகு கீழேயே ஆவியாகி, குளிர்ந்த முனைக்குப் பாய்ந்து, அங்கே வெப்பத்தைக் கொடுத்துவிட்டு நீராகி, உட்சுவரின் நுண்துளைப் பூச்சு வழியாக மறுபடி அடிக்கே ஊர்ந்து வருகிறது. ஓசையின்றி நாளெல்லாம் நடக்கும் இந்தப் போக்குவரத்தில் நீர் எதையும் வைத்துக்கொள்வதில்லை.

ஆற்றலைப் பற்றிய பழைய உவமைகளில் இவ்வமைப்புக்கு மிக அருகில் வருவது யோக சூத்திரத்தின் நான்காம் பாதத்தில் உள்ள உழவர் உவமை. நிமித்தமாக நிற்பவை இயற்கையின் ஆற்றலை உந்துவதில்லை, தடையை உடைக்க மட்டுமே செய்கின்றன, உழவர் நீரைக் கையால் அள்ளி ஊற்றாமல் வரப்பை வெட்டிவிட, நீர் தானே அடுத்த வயலுக்குப் பாய்வதுபோல என்பது அதன் கருத்து. கூலர் வேகத்தைத் தருவதில்லை, தடையை நீக்குகிறது என்ற எண்ணத்துக்கு இது அப்படியே பொருந்துவதுபோலத் தெரிகிறது. ஆனால் இந்த உவமையில் உழவர் வெட்டுவது நீர் வரும் மடையை. நெல் வயலை அறிந்தவர்களுக்கு மடை பாதிக் கதைதான் என்று தெரியும். வடிகால் இல்லாத வயலில் மடையைத் திறந்துவிட்டால் பயிர் அழுகும். தண்ணீர் எவ்வளவு விடலாம் என்பதை வாய்க்கால் மட்டும் முடிவு செய்வதில்லை, வடிகாலும் முடிவு செய்கிறது. வயலின் எல்லைக்கும் எல்லை என்ற கருத்துக்கும் தமிழ் வரம்பு என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறது. அந்த வரம்பில் மடை ஒருபுறம், வடிகால் மறுபுறம். செயலிக்கு மின்சாரம் மடை, பயாஸ் எனப்படும் அடிப்படை அமைப்புத் திரையில் பெருக்கெண்ணையும் வோல்ட்டையும் மாற்றுவது மடையைத் திறப்பது. கூலர் வடிகால்.

வடிகாலே வரம்பைத் தீர்மானிக்கிறது என்பதைத் தனிமனிதர்களுக்கு முன் ஒரு தொழில்துறையே பட்டறிந்தது. டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க மின்னழுத்தமும் உடன் குறையும், எனவே வேகம் கூடினாலும் பரப்புக்கு உரிய வெப்பம் மாறாது என்று 1974இல் ராபர்ட் டென்னார்டும் உடன் ஆய்வாளர்களும் வகுத்த விதி முப்பது ஆண்டுகள் வேகத்தை இலவசம்போல ஆக்கியிருந்தது. கசிவினால் மின்னழுத்தத்தை மேலும் குறைக்க முடியாமற்போனபோது விதி நின்றது, 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை வந்த பென்டியம் 4இன் 4 கிகாஹெர்ட்ஸ் வடிவத்தை 2004 அக்டோபரில் இன்டெல் கைவிட்டது. மேலும் வேகமாகத் துடிக்கும் சில்லைச் செய்யத் தெரியாமல் அன்று. அதன் சூட்டை வீட்டுக் கணினிக்குள் வைத்து வடிக்க வழி இல்லாததால். ஒரு சில்லுக்குள் பல கருக்கள் என்ற இன்றைய அமைப்பு பெருகியது இந்த முட்டுச்சந்திலிருந்துதான்.

வடிகால் உவமையையும் முழுதாக நம்பிவிடக்கூடாது. வயலிலிருந்து வடிந்த நீர் வயலின் மண்ணை மாற்றுவதில்லை. குளிர்ந்த சிலிக்கானோ தன்மையிலேயே சிறிது வேறுபட்டது. அதில் கசிவு குறைவு, அதே வேகத்தைக் குறைந்த வோல்ட்டிலும் தாங்குகிறது. ஆகவே கூலரை மாற்றியபின் இருப்பது பழைய சில்லும் புதிய சூழலும் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வது முழுச் சரியன்று. இந்த இடத்தில் சாங்கியரைவிடப் பௌத்தர் பேச்சு எடுபடுகிறது. எதுவும் தன்னளவில் நிற்பதில்லை, சார்ந்தே தோன்றுகிறது என்பது அவர்கள் கொள்கை. மணிமேகலையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு விளக்கும் பன்னிரு சார்புகள் பிறவியைப் பற்றியவை எனினும், சார்பு என்ற அந்தத் தமிழ்ச் சொல் இங்கும் வேலை செய்யும். வேகம் சில்லின் உடைமை என்பதைவிட, சில்லும் களிம்பும் செம்பும் காற்றும் கூடியிருப்பதன் சார்பு என்பது நடப்புக்கு நெருக்கம். மணலும் எள்ளும் வேறு என்ற சாங்கியரின் வெற்றியை இது பறித்துவிடவில்லை.

ஆனால் பௌத்தரை அழைத்தால் இன்னொரு சங்கடமும் கூடவே வந்துவிடுகிறது. புத்தர் கயைக்கு அருகே, முன்பு தீ வளர்த்து வழிபட்டுவந்த ஆயிரம் துறவியருக்கு உரைத்ததாகச் சொல்லப்படும் ஆதித்தபரியாய சுத்தம், கண்ணும் காதும் மனமும் அனைத்தும் எரிந்துகொண்டிருக்கின்றன என்ற கருத்தைச் சுற்றி அமைந்தது. விடுதலை பெற்றவருக்குப் பாலி மொழி தரும் அடைகளுள் ஒன்று சீதிபூதர், குளிர்ந்துவிட்டவர். அங்கே குளிர்ச்சி என்பது எரிபொருள் தீர்ந்து தீ அவிவது. ஓவர்கிளாக்கிங்குக்காகக் கூலரை மாற்றுபவர் நாடும் குளிர்ச்சி அதற்கு நேர்மாறு: மேலும் எரியவேண்டும் என்பதற்காகவே தேடும் குளிர்ச்சி. இருபது டிகிரி மிச்சம் கிடைத்தால் அந்த இருபதையும் உடனே வோல்ட்டாக மாற்றிச் செலவிட்டுவிட்டு, வெப்பமானியில் பழைய எண்ணுக்கே வந்து நிற்பதுதான் இந்த வேலையின் இலக்கணம். தவத்தின் பக்கம் போனாலும் உடன்பாடு கிடைக்காது. வெப்பம் என்ற பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்த தபஸ், சூட்டை உள்ளே தேக்கி அதையே வலிமையாக்குவது. ரிக்வேதப் படைப்புப் பாடல் ஒன்று முதற்பொருளே தபஸின் வலிமையால் தோன்றியதாகப் பேசுகிறது. செயலியோ சூட்டைத் தேக்கினால் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும், மீறினால் அணைந்துவிடும். ஆக, தேக்குவோர், அவிப்போர் என்ற இரு பழைய நெறியாருக்கும் நடுவில், எரிவதைக் கூட்டுவதற்காகவே வடிப்பவர் என்ற மூன்றாமவர் ஒருவர் நிற்கிறார். அவரைக் கண்டிக்கவோ பாராட்டவோ பழைய நூல்களில் ஆயத்தமாகச் சொல் இல்லை. ஆசைக்கு வசதி செய்துகொடுப்பதை அடக்கம் என்று அழைக்கமுடியாது என்பது மட்டும் நிச்சயம். அதே சமயம், மடையைத் திறக்குமுன் வடிகாலை வெட்டும் ஒருவர் கண்மூடித்தனமான ஆசைக்காரரும் அல்லர்.

இதற்கான விலையில் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கழிகிறது. மின்னோட்டமும் வெப்பமும் கூடினால் சில்லுக்குள் உள்ள உலோக இழைகளின் அணுக்கள் மெல்ல மெல்ல இடம்பெயர்கின்றன; இந்தத் தேய்மானத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவை ஜேம்ஸ் பிளாக் 1969இல் சமன்பாடாக எழுதினார். நல்ல கூலர் இதையும் ஓரளவு தள்ளிப்போடுகிறது. ஏற்றிய வோல்ட் அந்தச் சலுகையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

அண்மைக் காலச் செயலிகளில் கேள்வியே உருமாறிவிட்டது. அவை தம் சூட்டைத் தாமே நொடிக்குப் பலமுறை அளந்து, இடம் இருந்தால் துடிப்பை ஏற்றியும் இல்லாவிட்டால் இறக்கியும் ஓடுகின்றன. பெட்டியிலும் ஓர் எண்ணுக்குப் பதில் அடிப்படை, உச்சம் என்று இரண்டு எண்களை அச்சிடுகிறார்கள். இத்தகைய செயலியில் கூலரை மட்டும் மாற்றிவிட்டு, பயாஸில் ஒரு எண்ணையும் தொடாமல் விட்டாலும், நீண்ட வேலைகளில் வேகம் சற்றுக் கூடிவிடும்.

கூலர் வடித்த சூடும் மறைந்துபோவதில்லை, பெட்டிக்கு வெளியே அறைக்கு வந்து சேர்கிறது. அறைக் காற்று ஒரு டிகிரி ஏறினால் செயலியின் சூடும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். எத்தனை செம்பு சேர்த்தாலும் காற்றால் ஓடும் கூலர் அறை வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்க வல்லதன்று. ஏசி போட்டால் அதே சூடு சுவருக்கு வெளியே தெருவுக்குப் போகிறது, அதாவது அடுத்த வயலுக்கு. விடியற்காலையில் ஸ்ட்ரெஸ் டெஸ்டைத் தாண்டிய அதே 3.9, ஜன்னல் சாத்திய அறையில் பிற்பகல் மூன்று மணிக்குத் திரை உறைந்து நின்றுவிடுவது அனுபவம் உள்ளவர்களுக்குப் புதிதன்று. அதனால்தான் பொறுப்பாக வேலை செய்பவர்களின் குறிப்பேட்டில் துடிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் வோல்ட்டும், அதற்குப் பக்கத்தில் அறை வெப்பநிலையும் இருக்கும். உலக சாதனைப் பட்டியல்களும் அவ்வாறே. 4 கிகாஹெர்ட்ஸ் என்று விற்கப்பட்ட ஏஎம்டி எஃப்எக்ஸ்-8370, 2014இல் 8.7 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது. அந்தப் பதிவில் எண்ணோடு சேர்த்தே எழுதியிருப்பது, அப்போது அதன் தலைமேல் ஊற்றப்பட்டிருந்தது மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் என்பது.